குளிருக்கு ஒரு ஜக்கெட்: காப்பை அடகு வைக்குமுன் சற்று யோசியுங்கள்



சென்ற மாதம் எங்கள் யாழ்ப்பாணத்துத் தாய் ஒருவர் தம் சின்ன மகனிடம் ஒரு கடிதம் கொடுத்தனுப்பியிருந்தார். மூத்த மகளுக்குத் திருமணம் முடிந்து மாப்பிள்ளை கனடாவில், டொரொன்டோ நகரில் இருக்கிறார். மகளுக்கும் விசா கிடைத்துவிட்டது. சனவரியில் பயணம். "நல்ல குளிர் ஜக்கெட் இல்லாமல் அங்கே வாசற்படியைத் தாண்ட முடியாது" என்று உறவினர் ஒருவர் சொல்லிவிட்டாராம். கொழும்பில் ஒரு கடையில் விலை கேட்டபோது தாய்க்குத் தலை சுற்றிவிட்டது. கையில் இருப்பது இரண்டு பவுண் காப்பு. அதை அடகு வைத்து வாங்கலாமா என்பதுதான் கேள்வி. "வெயிலிலேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கு இதைப் பற்றி என்ன தெரியும், மௌலவி? பிள்ளை குளிரில் கஷ்டப்படக் கூடாது" என்று முடித்திருந்தார்.

சகோதரிகளே, இது ஒரு வீட்டுக் கேள்வி மட்டுமல்ல. நம்மவர்களின் பிள்ளைகள் இன்று கனடாவிலும் இலண்டனிலும் சுவிட்சர்லாந்திலும் இருக்கிறார்கள். ஊரிலேயே இருப்பவர்களும் பள்ளிச் சுற்றுலா என்று நுவரெலியா போகிறோம். ஆகவே இம்மாதம் இந்தப் பக்கத்தை அந்தத் தாயின் கடிதத்துக்கே ஒதுக்குகிறேன். காப்பைப் பற்றிய பதிலைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் நான் விட்ட ஒரு தவறைச் சொல்ல வேண்டும்.

நான் எழுதிய இரண்டு சொற்கள்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாணவிகளை ஆசிரியைகளுடன் ஹோர்ட்டன் சமவெளிக்கு அழைத்துச் சென்றோம். பெற்றோருக்கு அனுப்பிய கடிதத்தை எழுதியவன் நான். கொண்டுவர வேண்டிய பொருட்களின் பட்டியலில் "தடித்த உடுப்பு" என்று இரண்டே சொற்களில் முடித்துவிட்டேன். தடிப்பாக இருந்தால் குளிர் போகாது என்று நானும் நினைத்திருந்த காலம் அது.

கடல் மட்டத்திலிருந்து 1000 மீற்றர் மேலே ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6 அல்லது 7 பாகை செல்சியஸ் குறைந்துவிடும். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹோர்ட்டன் சமவெளி 2100 மீற்றர் அளவில் இருக்கிறது. அப்படியானால் யாழ்ப்பாணத்தைவிட அங்கே 13, 14 பாகை குறைவு என்று கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள். தை, மாசி மாதங்களின் அதிகாலையில் புல்லின்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருப்பதும் உண்டு.

நாங்கள் "உலக முடிவு" பக்கம் நடக்கத் தொடங்கிய சற்று நேரத்தில் தூறல் பிடித்தது. பின்னால் காற்றும் வந்தது. ஒரு மாணவி இந்தப் பயணத்துக்காகவே புதிதாக வாங்கிய, நல்ல தடித்த பருத்தி மேற்சட்டை போட்டிருந்தாள். ஒரு மணி நேரத்தில் அது நனைந்து கனத்துவிட்டது. பிள்ளை வரிசையில் பின்தங்கினாள். உதடு நீலம் பாய்ந்தது. கேட்ட கேள்விக்குக் குழறிப் பதில் சொன்னாள். பொத்தானைப் போடச் சொன்னால் விரல்கள் பொத்தானைப் பிடிக்கவில்லை. கூட வந்த ஆசிரியை ஒருவர் உடனே புரிந்துகொண்டார். பிள்ளையை வாகனத்துக்குக் கொண்டுபோய், நனைந்த உடுப்பை எல்லாம் கழற்றி, காய்ந்த உடுப்பும் போர்வையும் சுற்றி, சீனி போட்ட சூடான தேநீர் கொடுத்தார். அரை மணி நேரத்தின் பின்தான் பிள்ளையின் முகத்தில் இரத்தம் ஓடியது. அல்ஹம்துலில்லாஹ்!

அதே வரிசையில் இன்னொரு பிள்ளை நடந்து வந்தாள். வசதி குறைந்த வீடு. மூத்தம்மாவின் பழைய கம்பளிச் சுவெட்டரைப் போட்டு, அதற்கு மேலே மலிவான பிளாஸ்டிக் மழைச்சட்டை ஒன்றை மாட்டியிருந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. புதுச் சட்டை போட்டவள் நடுங்கினாள், பழைய சுவெட்டர் போட்டவள் சிரித்துக்கொண்டு வந்தாள். இது ஏன் என்று அன்றிரவு முழுக்க யோசித்தேன்.

உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்கினால் அது ஆபத்து. நடுக்கம், பேச்சுக் குழறல், கை தடுமாற்றம், தூக்கக் கலக்கம் ஆகியவை அதன் அடையாளங்கள். நடுங்கிக் கொண்டிருந்தவர் சூடு ஏறாமலே நடுக்கத்தை நிறுத்திவிட்டால் தேறிவிட்டார் என்று எண்ணாதீர்கள். அது நிலைமை மோசமாகிறது என்பதன் அறிகுறி. அப்போது கை கால்களைத் தேய்க்கக் கூடாது. ஈர உடுப்பை மாற்றி, போர்த்தி, தாமதிக்காமல் வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். சூடான பானம் நினைவு தெளிவாக உள்ளவருக்கு மட்டுமே. இதை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருங்கள்.

மாமா சொன்ன பாடம்

என் மாமா யாழ்ப்பாண நகரில் தையற்காரராக இருந்தவர். நம் ஊர் முஸ்லிம்களில் தையல் தொழில் செய்தவர்கள் எத்தனை பேர் என்பது மூத்தவர்களுக்குத் தெரியும். 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி விடுதலைப் புலிகள் எங்களைச் சில மணி நேரத்தில் ஊரை விட்டு வெளியேற்றியபோது மாமா தன் தையல் இயந்திரத்தை அப்படியே விட்டுவிட்டு வந்தார். அப்போது எனக்கு 11 வயது. வவுனியாப் பக்கம் வந்து சேர்ந்த இரவில் மழை. கைக்குழந்தையாக இருந்த என் தங்கை நனைந்து நடுங்கினாள். உம்மா தன் ஈர முந்தானையால் மேலும் மேலும் சுற்றினார். மாமா அதைத் தடுத்தார். ஈரத்துணியை எல்லாம் கழற்றச் சொல்லி, எங்கோ கிடந்த காய்ந்த சாக்கு ஒன்றை உதறி, குழந்தையை உம்மாவின் மார்போடு சேர்த்து அதற்குள் வைத்துச் சுற்றினார். "துணி சூடு தராது, லாத்தா. பிள்ளையின் சூட்டைப் பிடித்து வைக்கத்தான் துணி. ஈரத்துணி அந்தச் சூட்டைத் திருடிவிடும்" என்றார்.

அந்தச் சொல்லை நான் மறந்துபோனதால்தான் பட்டியலில் "தடித்த உடுப்பு" என்று எழுதினேன்.

மாமா சொன்னதைத்தான் விஞ்ஞானமும் சொல்கிறது. நமக்குச் சூடு தருவது நம் உடம்பு. அதைக் காப்பது துணி அல்ல, துணிக்குள் அசையாமல் சிறைப்பட்டிருக்கும் காற்று. காற்று வெப்பத்தை இலகுவில் கடத்தாது. தண்ணீரோ காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்திவிடும். பருத்தி நூல் தண்ணீரைக் குடித்துத் தோலோடு ஒட்டிக் கொள்கிறது. காற்று இருந்த இடத்தில் தண்ணீர் வந்து உட்கார்ந்து விடுகிறது. கம்பளியும் ஈரத்தை இழுக்கும். ஆனால் அதன் சுருள் நார் படுத்துவிடாமல் காற்றுக்கு இடம் விட்டு நிற்கும். பழைய சுவெட்டர் பிள்ளையைக் காத்தது அதனால்தான். மேலே இருந்த பிளாஸ்டிக் சட்டை காற்றையும் மழையையும் தடுத்தது.

நம் வீட்டுத் தலையணையை நினைத்துப் பாருங்கள். இலவம் பஞ்சுத் தலையணை நாள்பட்டால் தட்டையாகிவிடும். வெயிலில் போட்டுத் தட்டினால் மறுபடி உப்பி எழும். பஞ்சு கூடவில்லை, உள்ளே காற்றுத்தான் கூடியது! குளிர் ஜக்கெட்டின் இரகசியமும் அந்த உப்பலில்தான் இருக்கிறது.

கால்நடைகளில் மனிதருக்குக் கதகதப்பை வைத்திருப்பதாக அல்லாஹ் அந்நஹ்ல் அத்தியாயத்தில் நினைவூட்டுகிறான். வடதுருவப் பக்கத்து இனுயிட் மக்கள் உள்ளே துளையுள்ள உரோமம் கொண்ட கரிபூ மானின் தோலில் இரட்டைச் சட்டை தைத்து, ஒன்றின் உரோமம் உட்பக்கமும் மற்றதன் உரோமம் வெளிப்பக்கமும் இருக்க அணிந்தார்கள். அவர்களுடைய தாய்மாருக்கு "அமௌட்டி" என்று தனிச் சட்டை உண்டு. குழந்தையை முதுகில் வைத்துத் தன் உடம்புச் சூட்டிலேயே காக்கும் பெரிய பை அதில் சேர்த்தே தைக்கப்பட்டிருக்கும். அந்தச் சாக்குக்குள் என் தங்கையைச் சுற்றிய மாமாவும் அதைத்தானே செய்தார்!

உள்ளே என்ன இருக்கிறது?

கடையில் தொங்கும் குளிர் ஜக்கெட்டுகளில் பெரும்பாலும் இரண்டு வகை நிரப்பல்களே உண்டு.

முதலாவது, தூவி. வாத்து, தாரா ஆகியவற்றின் நெஞ்சுப் பக்கத்தில் இருக்கும் பஞ்சு போன்ற மெல்லிய இறகு. எடி பௌவர் என்ற அமெரிக்கர் 1930களின் நடுப்பகுதியில் குளிர்காலத்தில் மீன்பிடிக்கப் போய், கம்பளி உடுப்பு நனைந்து, விறைத்துச் சாகும் நிலைக்குப் போனார். தப்பி வந்த பின்பு தூவி அடைத்துப் பாத்திபாத்தியாகத் தைத்த ஜக்கெட்டை உருவாக்கினார். 1940இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். கம்பளி ஈரத்தில் பருத்தியைவிட நல்லதுதான். ஆனால் நன்றாக ஊறிவிட்டால் அதுவும் சுமையாகிவிடும் என்பதை இதிலிருந்து தெரிந்து கொள்ளுங்கள். தூவி எடை குறைவு, சூடு அதிகம், மடித்தால் சிறு பைக்குள் அடங்கும். ஆனால் நனைந்தால் கட்டிபட்டு உப்பல் போய்விடும். காயவும் நெடுநேரம் பிடிக்கும். விலையும் அதிகம்.

இரண்டாவது, பொலியெஸ்டர் நார். இது நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும். விரைவில் காயும். விலை குறைவு. வீட்டிலேயே துவைக்கலாம். எடை சற்றுக் கூடுதல், சில ஆண்டுகளில் உப்பல் குறையும் என்பவை இதன் குறைகள். பிரிமாலொஃப்ட் என்று ஒரு நாரின் பெயரைச் சில ஜக்கெட்டுகளில் காண்பீர்கள். 1980களில் அமெரிக்க இராணுவம் நனைந்தாலும் பயன்படும் தூவிக்கு மாற்றாக ஒன்றைத் தேடியபோது உருவானது அது.

தூவி ஜக்கெட்டில் 550, 650, 800 என்று ஒரு எண் எழுதியிருக்கும். இது தூவியின் உப்பும் சக்தி. 600 என்றால் ஏறத்தாழ 28 கிராம் தூவி 600 கன அங்குலம், அதாவது 10 லீற்றர் அளவுக்கு உப்பும் என்று பொருள். எண் பெரிதாக இருந்தால் தூவி தரமானது. ஆனால் எவ்வளவு தூவி போட்டிருக்கிறார்கள் என்பது வேறு கணக்கு. ஒரு கொத்துச் சம்பாவைவிட மூன்று கொத்து மொட்டைக்கறுப்பன் வீட்டாரின் வயிற்றை நிறைக்கும் அல்லவா? அதுபோல் 800 எண்ணுள்ள மெல்லிய ஜக்கெட்டைவிட 600 எண்ணுள்ள நிறைந்த ஜக்கெட் கூடுதல் சூடாக இருக்கலாம். தரத்தையும் அளவையும் சேர்த்தே பாருங்கள். "பூச்சியத்துக்குக் கீழ் 30 பாகை வரை" என்று எழுதியிருக்கும் எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள். நடப்பவருக்கும் பஸ்ஸுக்காக நிற்பவருக்கும் ஒரே ஜக்கெட் ஒரே சூட்டைத் தராது.

எந்த ஊருக்கு எது?

டொரொன்டோவில் சனவரி இரவுகளில் பூச்சியத்துக்குக் கீழே 10 பாகைக்குப் போவது வழமை. சில நாட்களில் 20 பாகைக்கும் இறங்கும். அதில் காற்றையும் சேர்த்துக் கொள்ளுங்கள். பூச்சியத்துக்குக் கீழே 10 பாகையாக இருக்கும்போது மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வீசினால் தோலுக்கு அது 20 பாகை கீழே போலத் தெரியும். அங்கே தொடைவரை, முடிந்தால் முழங்கால்வரை நீளமான, நன்றாக உப்பிய, காற்றுப் புகாத மேல்துணி கொண்ட ஜக்கெட் வேண்டும். தூவியும் நல்லது, தடித்த பொலியெஸ்டரும் நல்லது.

இலண்டனில் குளிர் பெரும்பாலும் பூச்சியத்துக்குச் சற்று மேலேதான். ஆனால் ஈரமும் தூறலும் அதிகம். அங்கே பொலியெஸ்டர் நிரப்பலும் மழை புகாத மேல்துணியும் பொருத்தம். நுவரெலியாவுக்கும் ஹோர்ட்டன் சமவெளிக்கும் ஃபிளீஸ் சட்டை ஒன்றும் மேலே மழைச்சட்டையும் போதும். அதற்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

எங்கே போனாலும் ஒரே தடித்த உடுப்பைவிட மூன்று அடுக்கு மேலானது. தோலோடு ஒட்டி, வியர்வையை வெளியே தள்ளும் மெல்லிய கம்பளி அல்லது பொலியெஸ்டர் உள்ளுடுப்பு. அதற்கு மேல் சூடு காக்கும் ஃபிளீஸ் அல்லது சுவெட்டர். எல்லாவற்றுக்கும் மேல் காற்றையும் நீரையும் தடுக்கும் ஜக்கெட். உள்ளுடுப்புக்கு மட்டும் பருத்தி வேண்டாம். பனியில் நடக்கும்போதும் பிள்ளைகளோடு விளையாடும்போதும் உடம்பு சூடாகும். வியர்க்குமுன்பே சிப்பைத் திறந்து விடுங்கள். மழை நனைக்கும் வேலையைக் குளிரில் வியர்வையும் செய்துவிடும்.

கடையில் செய்ய வேண்டியவை

விலைச் சீட்டைப் பார்க்குமுன் தையற்காரர் வீட்டுப் பெண் போலப் பாருங்கள்.

கையால் நன்றாக அமுக்கி விடுங்கள். உடனே உப்பி எழவேண்டும். கட்டிகட்டியாகக் கையில் பட்டால் விட்டுவிடுங்கள்.

வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் தையற் கோடுகளைப் பாருங்கள். மேல்துணியையும் உள்துணியையும் ஒன்றாகக் குத்தித் தைத்திருந்தால் அந்தக் கோட்டில் நிரப்பல் இருக்காது. குளிர் அதன் வழியே நுழையும். கடுங்குளிருக்குச் செய்த ஜக்கெட்டில் இரண்டு துணிக்கும் இடையே சிறு சுவர் வைத்துப் பெட்டிபெட்டியாகத் தைத்திருப்பார்கள்.

மேல்துணியில் வாயை வைத்து ஊதுங்கள். காற்று இலேசாக மறுபக்கம் போனால் அது காற்றுக்கு ஆகாது. ஒரு துளி நீர் விட்டுப் பாருங்கள். சேம்பிலையில் விட்டது போல் உருண்டு ஓடவேண்டும்.

சிப்புக்குப் பின்னால் மடிப்புத் துணி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சிப்பின் பற்களுக்கிடையே காற்று வரும். சிப் கீழிருந்தும் திறக்குமானால் உட்காரும்போது வசதி. கையுறையோடு சிப்பைப் பிடிக்க முடிகிறதா என்றும் பாருங்கள்.

உள்ளே சுவெட்டர் போட்டுக்கொண்டே போட்டுப் பாருங்கள். கையை உயர்த்துங்கள், உட்காருங்கள், குனியுங்கள். இறுக்கமாக இருந்தால் உப்பல் நசுங்கி, கொடுத்த காசு வீணாகும். அளவுக்கு மீறித் தொளதொளப்பாக இருந்தால் கீழிருந்து காற்று ஏறும்.

நம் பெண்களுக்குச் சில வார்த்தைகள்

தலைமூடி ஹிஜாபின் மேலே சிரமமின்றி வருகிறதா என்று ஹிஜாபோடு போட்டே பாருங்கள். தூவி ஜக்கெட்டின்மேல் ஹிஜாப் ஊசியைக் குத்தவே குத்தாதீர்கள். அந்தச் சிறு துளை வழியே தூவி ஒவ்வொன்றாக வெளியே வரும். ஊசியை உள்ளே துணியோடு குத்தி, முனைகளை ஜக்கெட்டுக்குள் விட்டுவிடுங்கள். தரையைத் தொடும் அபாயா பனியில் ஈரத்தை உறிஞ்சிக் கால்வரை குளிரைக் கொண்டுவரும். குதிகாலுக்குச் சற்று மேலே நிற்கும் நீளமும், உள்ளே கம்பளிக் காற்சட்டையும், ஈரம் புகாத பூட்சும் நல்லது.

வேலைக்கும் படிப்புக்கும் போகும் பிள்ளைகள் வெளியிடத்தில் வுழூ செய்ய நேரும். மணிக்கட்டில் வெல்குரோ வைத்த, தளர்த்தி முழங்கைவரை ஏற்றக்கூடிய கை இருக்கிறதா என்று பாருங்கள். ஈரக் கையை நன்றாகத் துடைத்துவிட்டே கையுறை போட வேண்டும். முழு வுழூவோடு அணிந்த தோற் காலுறையின்மேல் ஊரில் இருப்பவர் ஒரு பகல் ஓரிரவும், பயணி மூன்று பகல் மூன்றிரவும் மஸஹ் செய்யச் சலுகை உண்டு என்பதையும் மகளுக்குச் சொல்லி அனுப்புங்கள். குளிர் நாடுகளில் அது பெரிய அருள்.

தூவியைப் பற்றியும் கேட்பீர்கள். உண்ண ஆகுமான பிராணி உயிரோடிருக்கும்போது கத்தரித்த கம்பளியில் சந்தேகமில்லை. மார்க்க முறைப்படி அறுக்கப்படாத பறவையின் இறகு, நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் நஜிஸாகக் கருதப்படுகிறது. மற்ற மத்ஹபுகளின் அறிஞர்களில் பெரும்பாலோர் அதைச் சுத்தமானதாகவே கொள்கின்றனர். ஆகவே அணிந்தவரைக் குறை கூறாதீர்கள். மனம் உறுத்துபவர்கள் பொலியெஸ்டரை எடுத்தால் பிரச்சினையே இல்லை. சில விலையுயர்ந்த ஜக்கெட்டுகளின் தலைமூடி ஓரத்தில் கொயோட்டி என்ற நாயினத்து விலங்கின் உரோமம் வைத்திருப்பார்கள். அதைத் தவிர்த்துவிடுங்கள்.

சிறு குழந்தை உள்ளவர்களுக்கு இன்னொன்று. உப்பிய ஜக்கெட்டோடு குழந்தையைக் காரின் குழந்தை இருக்கையில் வைத்து வாரை மாட்டாதீர்கள். இறுகியது போலத் தெரியும். ஆனால் மோதலின்போது ஜக்கெட் நசுங்கி, வார் தளர்ந்து, பிள்ளை வெளியே நழுவிவிடலாம். மெல்லிய உடுப்போடு வாரை இறுக்கி, அதன் மேல் ஜக்கெட்டையோ போர்வையையோ போர்த்துங்கள்.

வாங்கினால் போதுமா?

நல்ல ஜக்கெட்டைப் பராமரித்தால் பல ஆண்டுகள் உழைக்கும். துவைக்கும்போது துணியை மென்மையாக்கும் திரவம் சேர்க்கக் கூடாது. அது உப்பலைக் கெடுக்கும். தூவியை முறுக்கிப் பிழியக் கூடாது. உலர்த்தும் இயந்திரத்தில் குறைந்த சூட்டில் இரண்டு மூன்று டென்னிஸ் பந்துகளோடு போட்டால் கட்டிகள் உடைந்து உப்பும். இஸ்திரிப் பெட்டியை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள். கோடையில் பெட்டிக்குள் திணித்து வைக்காமல் தொங்க விடுங்கள். விடுமுறைக்கு ஊருக்குக் கொண்டுவந்தால் நம் கடற்காற்றின் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். நன்கு காய்ந்த பின்பே காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

காப்புக்கு வருவோம்

கடிதம் எழுதிய சகோதரியே! உங்கள் காப்பைக் கழற்ற வேண்டாம்.

கனடாக் குளிருக்கான ஜக்கெட் கனடாவிலேயே கூடுதலாகவும் மலிவாகவும் கிடைக்கும். டிசம்பர் 26 இலிருந்து அங்கே விலைக்குறைப்பு தொடங்கிவிடும். சனவரி கடைசியிலும் பெப்ரவரியிலும் குளிருடுப்புகளின் விலை இன்னும் இறங்கும். வெல்யூ வில்லேஜ் போன்ற பழைய உடுப்புக் கடைகளிலும் நல்லவை கிடைக்கும். பழையதை அணிவதில் என்ன வெட்கம்? மூத்தம்மாவின் சுவெட்டர் ஒரு பிள்ளையை மலையில் காத்ததை நான் கண்ணால் கண்டவன்.

இங்கிருந்து கொண்டுபோக வேண்டியது கொஞ்சமே. இரண்டு சோடி வெப்ப உள்ளுடுப்பு, ஒரு ஃபிளீஸ் சட்டை, மூன்று சோடி தடித்த காலுறை, கையுறை, கம்பளித் தொப்பி, காற்றுப் புகாத மழைச்சட்டை ஒன்று. நுவரெலியாவில் இருக்கும் குளிருடுப்புச் சந்தையில் இவை மலிவாகக் கிடைக்கும். கொழும்பு புறக்கோட்டையிலும் தேடலாம். மாப்பிள்ளையிடம் சொல்லி விமான நிலையத்துக்கு ஒரு ஜக்கெட்டைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். அவருடைய பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, வீட்டுக்குப் போய்ச் சேர அது போதும். பிறகு மகள் தானே கடைக்குப் போய், அமுக்கிப் பார்த்து, ஊதிப் பார்த்து, குனிந்து நிமிர்ந்து பார்த்துத் தன் அளவுக்கு வாங்கட்டும். நீங்கள் இங்கே அளவு பார்த்து வாங்கியது அங்கே உள்ளே சுவெட்டர் போட்டதும் இறுகிவிட்டால் யாரிடம் மாற்றுவது?

அந்தக் காப்பை மகளிடமே கொடுத்து அனுப்புங்கள். புது நாட்டில், வேலையும் உறவும் சரியாக அமையாத முதல் ஆண்டில், தன் பெயரில் ஒரு பெறுமதி கையில் இருப்பது ஒரு பெண்ணுக்குப் பெரிய தைரியம். 1990இல் ஒரு மாற்றுடையோடு புத்தளம் போய்ச் சேர்ந்த எங்கள் தாய்மாரைக் கேட்டால் இதைச் சொல்வார்கள்.

மகளிடம் கடைசியாக ஒன்றைச் சொல்லுங்கள். வெளியே போகும் ஒவ்வொரு நாளும் பையில் ஒரு சோடி காய்ந்த காலுறை இருக்கட்டும். எங்கே நனைந்தாலும் முதலில் ஈரத்தை மாற்றட்டும். மாமா அந்த மழை இரவில் சொன்னதும் அதுதான். அவர் இப்போது இல்லை. அவர் சுற்றி வைத்த குழந்தை இன்று இரண்டு பிள்ளைகளின் தாய்.

வல்ல அல்லாஹ் உங்கள் மகளின் பயணத்தை இலேசாக்கி வைப்பானாக. வெளியூரில் இருக்கும் நம் பிள்ளைகள் அனைவரையும் குளிரிலிருந்தும் தனிமையிலிருந்தும் காப்பானாக. ஆமீன். அடுத்த மாதம் இன்ஷா அல்லாஹ் இன்னொரு கடிதத்தோடு சந்திப்போம்.

வஸ்ஸலாம்.